பெட்டிக்குள் போட்ட எச்சரிக்கை

ஜூலை 4, 2009. சனி. நாசிரியா, இராக்.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிற விஷயம் என்றால் இன்னும் கவனமாக எழுதுவேன்.

முதல் உண்மை: களைப்பாக இருக்கிறது. விடுமுறையில் களைப்பு என்றால் அம்மா விடுவாளா? "ஆமா, ஃபுராத் ஆத்துல இருந்து தண்ணி சுமந்தியாக்கும்" என்கிறாள்.

லைத் மாமா அம்மாவின் தம்பி. மின் பொறியாளர், ஸ்வீடனில் இருக்கிறார். பழைய கார் பாட்டரிகளை வைத்து வீட்டுக்கு இன்வெர்ட்டர் பெட்டி செய்வது எப்படி என்று ஒரு கையேடு எழுதியிருக்கிறார். கரண்ட் போனதும் பெட்டி தானாக விழித்துக்கொண்டு ஒரு மின்விசிறியையும் இரண்டு விளக்கையும் ஓட்டும். இந்த ஊரில் இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் மாமா எழுதியிருப்பது கம்பெனிக்காரர்கள் கையேடு எழுதுகிற குறிகளில். தலைப்புக்கு அடியில் சமக்குறிகளை வரிசையாக அடுக்குகிறார். இரண்டு புள்ளி வைத்து 'எச்சரிக்கை' என்று எழுதினால் அவருடைய மென்பொருள் அதைச் சிவப்புப் பெட்டியாக, முக்கோணப் படத்தோடு வரைந்துவிடும். இணையத்தில் இருக்கிற எங்கள் கைவேலை மன்றத்துக்கு இதெல்லாம் புரியாது. அதற்குத் தெரிந்தது சதுர அடைப்புக்குறி மட்டும். திற, எழுது, மூடு.

"இங்க யாரும் கையேடெல்லாம் படிக்க மாட்டாங்க மாமா, எல்லாரும் மன்றத்துலதான் படிப்பாங்க" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"அப்ப நீயே மாத்திப் போடு, புத்தகப் புழு" என்றார்.

ஜூலை 6

அரபி வலமிருந்து இடமாகப் போகிறது. குறி இடமிருந்து வலமாகப் போகிறது. இரண்டும் ஒரே வரியில் மோதிக்கொள்ளும்போது எந்த அடைப்பு திறந்தது, எது மூடியது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கோ ஒரு மூடலை விட்டுவிட்டேன். பாட்டரி பாகத்திலிருந்து கடைசி வரை எல்லாம் தடித்த சிவப்பு. மாமா உலகத்தையே திட்டுவது போல இருந்தது.

மன்றத்தில் அட்டவணை கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது. மாமாவின் அழகான அட்டவணையை ஒவ்வொரு வரியாகப் பிய்த்து வாக்கியமாக எழுதுகிறேன்.

கரண்ட் போனால் தெரு ஜெனரேட்டர்தான்; வீட்டுக்கு இவ்வளவு என்று காசுக்கு லைன் தருவார்கள். எங்கள் பங்கில் கம்ப்யூட்டர் ஓடினால் கூலர் ஓடாது. அம்மா முக்காட்டு முனையால் விசிறிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். மூன்று தடவை போனாள். சமையலறையில் ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 7

கரண்ட் போனது. நான் சேமித்திருக்கவில்லை.

ஜூலை 9

அப்பா மின்துறையில் கம்பம் ஏறுகிறவர். அவரும் குதைர் சித்தப்பாவும் ஜோடி. சித்தப்பா சொந்தம் இல்லை, ஆனால் சொந்தத்தைவிட அதிகமாக எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். அவர் கம்பத்தின் மேலே போய்ப் பாட்டுப் பாடுவார். கீழே பெண்கள் கதவைச் சாத்துவார்கள். குரல் அப்படி.

இன்றைக்கு வேலை முடிந்து இரண்டு பேரும் வந்து முற்றத்தில் குழாய்த் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டார்கள். குதைர் சித்தப்பா தர்பூசணியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டே கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆபீசரம்மா, பயாலஜியா?"

"இன்வெர்ட்டர் பெட்டி செய்யற முறை, சித்தப்பா. கரண்ட் போனா தானா ஓடும்."

"அடேய் அபூ ருசுல், உன் பொண்ணு நம்ம பொழப்புல மண்ணைப் போடறா பாரு!"

அபூ ருசுல் என்றால் ருசுலின் அப்பா; ருசுல் நான். அப்பா சிரிக்கவில்லை. களைப்பாக இருக்கும்போது அவர் சிரிப்பதில்லை. "போடட்டும். அப்பவாச்சும் ஜனங்க நம்மளத் திட்டாம இருப்பாங்க" என்றார்.

தெருவில் அவரைப் பார்த்தாலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்ப வரும்?" என்னவோ கரண்டைப் பையில் வைத்துக்கொண்டு தர மறுக்கிறார் போல.

ஜூலை 11

இன்று ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். மாமாவின் எச்சரிக்கையை எதில் போடுவது?

எச்சரிக்கை இதுதான்: பெட்டியை வீட்டு லைனில் மாட்டுமுன் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட வேண்டும். அது தெருக் கம்பியையும் பெட்டியையும் பிரித்து வைக்கும். அது இல்லையென்றால் பெட்டியின் கரண்ட் வீட்டிலிருந்து தெருவுக்குத் திரும்பிப் போகும்.

மேற்கோள் பெட்டியில் போட்டால் வேறு யாரோ சொன்னது என்று நினைத்து எல்லோரும் தாண்டிவிடுவார்கள். மன்றத்தில் அதுதான் வழக்கம், நானும் தாண்டுகிறவள்தான். அதனால் மன்றத்தைக் கண்காணிக்கிற மட்டுறுத்துநருக்குத் தனிமடல் எழுதினேன். அவர் பெயர் பாலைப்பருந்து. உடனே பதில் வந்தது.

"சகோ பனைநிழல், விதி மறந்துபோச்சா? பதிவுல எது ரொம்ப முக்கியமோ அதை மறைப்புப் பெட்டியில வைக்கணும். பதில் எழுதினாத்தான் தொறக்கும். இல்லேன்னா எவனும் நன்றி சொல்ல மாட்டான், படிச்சிட்டு நைசா நழுவிடுவான்."

பனைநிழல் நான்தான். மன்றத்தில் என்னை ஆண் என்று நினைத்திருக்கிறார்கள். அம்மாவின் நிபந்தனை அது. பொண்ணுன்னு தெரிஞ்சா கவிதை எழுதுவானுங்க என்றாள்.

யோசித்தேன். இந்தப் பதிவிலேயே முக்கியமானது எது? எச்சரிக்கைதான். அதை மறைப்புப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். சுற்றிலும் கோடு, நடுவில் சிவப்பு எழுத்து. என் திரையில் மாமாவின் பெட்டி மாதிரியே இருந்தது.

ஜூலை 12

பதிவேற்றிவிட்டேன்! முதல் பதில்: "உங்கள் கைகளுக்கு ஒரு தீங்கும் வராதிருக்கட்டும்." இரண்டாவது பதிலும் அதே. எல்லோரும் அப்படித்தான் நன்றி சொல்வார்கள். ஆனாலும் என் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 16

என் பதிவும் அதற்கு வந்த பதில்களுமாகத் திரி பக்கம் பக்கமாக நீள்கிறது. கைகளுக்குத் தீங்கு வராதிருக்கட்டும், கைகளுக்குத் தீங்கு வராதிருக்கட்டும். 'காயப்பட்ட இதயம்' என்கிறவர் ரோஜாப்பூப் படம் போட்டிருக்கிறார். வேறு மன்றங்களிலும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், கீழே 'நகல்' என்று ஒரு சொல் மட்டும். என் பெயர் சில இடங்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. மாமாவிடம் சொன்னேன். "நாம செஞ்சது ஓடுது, விடு" என்றார்.

நான் விடவில்லை. பெயர் இல்லாத இடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இதையும் உண்மையாக எழுத வேண்டுமே.

ஜூலை 22. புதன்.

குதைர் சித்தப்பாவுக்கு ஷாக் அடித்துவிட்டது.

கம்பத்திலிருந்து ஒரு வீட்டுக்குப் போகிற கம்பி அறுந்திருக்கிறது. மாட்டப் போயிருக்கிறார்கள். அப்பா ஏணியைப் பிடித்திருக்கிறார், சித்தப்பா மேலே. டெஸ்டர் வைத்துப் பார்த்தார், கம்பி செத்துக் கிடந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு முறுக்க ஆரம்பித்தார். பாடிக்கொண்டிருந்தார் — அப்பா சொன்னார் — பாதிப் பாட்டில் நின்றுவிட்டது.

உயிர் இருக்கிறது. வலது கை கருகியிருக்கிறது. விழுந்ததில் இடுப்பிலும் அடி.

அப்பா சட்டையைக் கழற்றாமலே முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா இஸ்திகான் கண்ணாடிக் கோப்பையில் டீ வைத்தாள். ஆறிவிட்டது. இன்னொன்று வைத்தாள்.

ஜூலை 23

அப்பா இன்று பேசினார். என்னிடம் இல்லை, அம்மாவிடம். நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்த வீட்ல இன்வெர்ட்டர் பெட்டி வெச்சிருக்கான். தெரு ஜெனரேட்டர் அந்த நேரம் பார்த்து நின்னுச்சு. பெட்டி தானா முழிச்சிக்கிச்சு. கரண்ட் பின்பக்கமா கம்பிக்கு ஏறிடுச்சு. சுவிட்ச் எதுவும் போடலை. ஏண்டா போடலைன்னு கேட்டா, அதுல எழுதியிருந்தபடியேதான் ஒண்ணு விடாம செஞ்சேன்னு அழறான்."

"எதுல?"

"இன்டர்நெட்ல எவனோ எழுதியிருக்கானாம். பனைநிழலாம் அவன் பேரு. கையில கெடைச்சான்னா அந்தக் கையை முறிச்சுடுவேன்."

அரிசித் தட்டு என் மடியில் இருந்தது.

எழுதியிருந்தேனே! எச்சரிக்கை எழுதியிருந்தேனே? சிவப்பில், பெட்டிக்குள்ளே. தினமும் பார்க்கிறேனே, கண் முன்னாடி இருக்கே!

மத்தியானம் கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். என் கணக்கிலிருந்து வெளியேறி, யாரோ விருந்தினர் மாதிரி அந்தத் திரிக்குள் போனேன். இதை நான் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை.

படிகள் எல்லாம் இருந்தன. எச்சரிக்கை இருந்த இடத்தில் ஒரே ஒரு சாம்பல் வரி: 'இப்பகுதி மறைக்கப்பட்டுள்ளது. காண்பதற்குப் பதிலிடவும்.'

எழுதியவளுக்கு மட்டும் பெட்டி எப்போதும் திறந்தே இருக்குமாம். எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டாமா? பிற மன்றங்களையும் பார்த்தேன். வெளியிலிருந்து நகல் எடுத்தவர்கள் அந்தச் சாம்பல் வரியையும் அழித்துவிட்டார்கள். பதிவு பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று.

ஜூலை 24

சாப்பிடவில்லை. அம்மா வெயில் என்று நினைத்தாள்.

ஜூலை 25

காலையில் பெட்டியை உடைத்தேன். எச்சரிக்கையை வெளியே எடுத்து முதல் படிக்கு முன்னால் வைத்தேன். மதியம் பார்த்தால் மறுபடி பெட்டிக்குள்! பாலைப்பருந்தின் தனிமடல்.

"சகோ, விதிய மீறாதீங்க. நீங்க எடுத்தா எல்லாரும் எடுப்பாங்க. அப்புறம் எவன் பதில் எழுதுவான்? படிச்சிட்டுப் போயிடுவானுங்க."

"படிச்சிட்டுப் போகட்டும்" என்று எழுதினேன். "ஒருத்தருக்கு ஷாக் அடிச்சிருச்சு."

"ஆண்டவன் குணமாக்கட்டும். அதுக்காக விதிய மாத்த முடியுமா? நிர்வாகத்துல கேக்கணும்."

மறுபடி எடுத்தேன். மறுபடி போட்டார். நான்காவது தடவை திரிக்குப் பூட்டு, எனக்குத் தடை. அவர் கெட்டவர் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவருக்கும் கூலர் ஓடியிருக்காது.

மாமாவிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அதைப் படிகளுக்குள்ளயே ஒரு படியா வெச்சிருக்கணும். தனியா வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். அவர் அழுதாரா? லைன் சரியில்லை.

ஜூலை 27. திங்கள்.

அப்பாவிடம் சொல்லாமல் இந்த நோட்டில் எழுதுவது என்ன உண்மை? அதுவும் ஒரு மறைப்புப் பெட்டிதான்.

மாலை அவர் ஷூ கழற்றும்போது சொன்னேன். "அப்பா, பனைநிழல் நான்தான்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மற்றதை அம்மா என் பக்கத்தில் வந்து நின்ற பிறகு சொன்னேன். குறி, பெட்டி, விதி, எல்லாம். பாதி அவருக்குப் புரிந்திருக்காது.

ஒரு ஷூ காலில் இருந்தது, இன்னொன்று கையில். எழுந்து போய் முகம் கழுவினார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள், வலித்தது.

திரும்பி வந்து, "அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் எழுதியிருந்த? படி" என்றார்.

படித்தேன்.

"இவ்வளவு நல்லா எழுதிட்டு," என்றார், "ஏம்மா ஒளிச்சு வெச்ச?"

திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 28

விடியற்காலையில் அப்பா என்னை எழுப்பினார். கரண்ட் இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் சொல்றேன், நீ அடி. உன் பெட்டி கிட்டியெல்லாம் வேணாம். கலரும் வேணாம்."

நான் ஒரு குறியும் போடவில்லை. அவர் சொன்னது இது:

"பெட்டிய வீட்டு லைன்ல மாட்டறதுக்கு முன்னாடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்க. போடலேன்னா உங்க பெட்டியோட கரண்ட் தெருக் கம்பிக்குப் போயிடும். தெருவுல கம்பி அறுந்தா, மொதல்ல பெட்டிய அணைங்க. கம்பத்துல ஒருத்தன் ஏறியிருக்கான். அவன் வீட்லயும் சாயங்காலம் டீ போட்டு வெச்சுக் காத்துக்கிட்டிருக்காங்க."

"போதுமாப்பா?"

"இதுக்கு மேல என்ன இருக்கு?"

வேலைக்குக் கிளம்பினார். இப்போது அவருக்கு ஜோடியாகப் புதிய ஆள். ஏணி பிடிக்கத் தெரியாதவன் என்று அம்மாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 1

எங்கெல்லாம் நகல் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் உறுப்பினராகச் சேர்ந்து அப்பாவின் வரிகளைப் போடுகிறேன். ஒவ்வொரு மன்றத்துக்கும் தனி விதி. ஒன்றில் ஐந்து வாழ்த்து எழுதினால்தான் பதிவிட விடுவார்கள். முன்பின் தெரியாத ஐந்து பேரின் கைகளுக்குத் தீங்கு வராதிருக்க வாழ்த்தினேன். ஒன்றில் விளம்பரம் என்று நீக்கினார்கள். ஒன்றில், "பயமுறுத்தாதே அண்ணே, எங்க பெட்டி நல்லாத்தான் ஓடுது" என்று ஒருவர். ஓடும். நல்லாத்தான் ஓடும். அதுதானே பயம்.

முதுகு வலிக்கிறது. அம்மா வெட்டிய வெள்ளரிக்காயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். கூலரைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 3

பாலைப்பருந்துக்கு இன்னொரு மின்னஞ்சலிலிருந்து எழுதினேன். இந்தத் தடவை விதியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. "என் அப்பா கம்பம் ஏறுகிறவர். எனக்குப் பதினாறு வயது. அந்தக் கை எங்கள் சித்தப்பாவின் கை" என்று மட்டும் எழுதி, அப்பாவின் வரிகளை ஒட்டி அனுப்பினேன். கீழே என் சொந்தப் பெயர். பெண் என்று தெரிந்துவிடும். தெரியட்டும்.

ஆகஸ்ட் 4

பதில் இல்லை. திரியைப் பார்த்தேன். பூட்டு இல்லை. அப்பாவின் வரிகள் எல்லாவற்றுக்கும் மேலே, பெட்டி இல்லாமல். அதற்கு அடியில் யாரும் கையைப் பற்றி எழுதவில்லை. ஒருவர் எழுதியிருந்தார்: "சுவிட்ச் வாங்கப் போறேன்." இன்னொருவர்: "எங்க தெருவுல சொல்லிட்டேன்."

இவ்வளவு நாள் வந்த நன்றியெல்லாம் சேர்ந்தாலும் இந்த இரண்டு வரிக்கு ஈடாகாது. நான் தூங்கிவிட்டேன், மேஜையிலேயே.

ஆகஸ்ட் 7. வெள்ளி.

குதைர் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். அம்மா வெண்டைக்காய்க் குழம்பு கொண்டுவந்தாள். நான் கதவோரமாகவே நின்றேன். அப்பா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் போல.

"வாங்க பனைநிழல் அண்ணே!" என்றார் சித்தப்பா, படுத்தபடியே.

அழுதுவிட்டேன். அவர் இடது கையால் என் தலையில் தட்டினார்.

"இரண்டு விரல்ல உணர்ச்சி இல்லைங்கறான் டாக்டர். இனிமே கம்பம் இல்லை, ஆபீஸ்ல நாற்காலியாம். உங்கப்பனுக்குத்தான் நஷ்டம், என் பாட்டு போச்சு."

"காதுக்கு ஓய்வு" என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சித்தப்பாவின் மனைவி சொன்னாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஆகஸ்ட் 13. வியாழன்.

மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில். மத்தியானம் அடித்த புழுதிக் காற்றில் எங்கள் தெருக் கோடியில் கம்பி அறுந்துவிட்டது. தெரு ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டார்கள். இருட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் தெரு முழுக்க இருட்டு இல்லை. அங்கங்கே ஜன்னல்களில் வெளிச்சம். எல்லாம் பெட்டி வைத்த வீடுகள். இத்தனை வீடா?

கீழே அப்பாவும் புதிய ஆளும் ஏணியைச் சாய்க்கிறார்கள். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு வெளிச்சங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். எனக்குக் கத்த வேண்டும் போல இருக்கிறது. பொண்ணு மாடியிலிருந்து கத்தினால்... கத்தத்தான் போகிறேன்...

கத்தவில்லை. எனக்கு முன்னால் மூலைவீட்டுத் தையல்காரர் அபூ ஸியாத் பனியனோடு வெளியே ஓடி வந்தார்.

"அபூ ருசுல், காலை வைக்காத, இரு!" என்று கத்தினார். அப்புறம் தெருவைப் பார்த்து, "ஏய், பெட்டிய அணைங்கய்யா! கம்பத்துல ஒருத்தன் ஏறப் போறான்! அவன் வீட்லயும் டீ போட்டு வெச்சிருக்காங்க!"

அப்பா ஏணியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு மெதுவாக நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தார். இவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை.

அபூ ஸியாத் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறார். அவர் வீட்டு ஜன்னல் முதலில் இருண்டது. அடுத்து எதிர் வீடு. அப்புறம் மசூதிக்குப் பக்கத்து வீடு. ஒன்று மட்டும் பாக்கி. யாரோ திட்டுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது — அதுவும் அணைந்தது.

அப்பா டெஸ்டர் வைத்துப் பார்க்கிறார். காத்திருக்கிறார். மறுபடி வைத்துப் பார்க்கிறார். ஏறுகிறார்.

அம்மா டீத் தட்டோடு மாடிக்கு வந்தாள். தெருவைப் பார்த்தாள், என் சார்ஜ் விளக்கைப் பார்த்தாள்.

"இது எந்தக் கம்பியிலயும் மாட்டலைம்மா" என்றேன்.

"தெரியும்டி. எல்லாரும் அணைச்சிருக்காங்க. அவர் வீட்ல மட்டும் எரியலாமா?"

கடைசி வரியைக் கண்ணை இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.